சக்கரச் சத்தம் கேட்கிற வரை

மகனே,

நீ இப்போது வேப்பங்கிளையில் கட்டிய தொட்டிலில் தூங்குகிறாய். உனக்கு ஏழு மாதம். இந்தக் காகிதத்தைப் படிக்கிற வயது வரும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும், என்னைவிட உயரமாக இருப்பாய், இதையெல்லாம் நேரே சொல்ல அம்மாவுக்கு வாயில்லையா என்று கேட்பாய். வாயில்லைதான். எனக்குப் பதினெட்டு வயது நடக்கிறது. இதுவரைக்கும் நான் நாலு பேர் முன்னால் நின்று பேசியது கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன், சிலேட்டில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடுவேன். வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பதினாறில் கல்யாணம். பேச வராவிட்டாலும் எழுத வரும். அதனால் எழுதுகிறேன். எழுதி என் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைப்பேன்.

நேற்று உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். மேலத்தெருப் பெண் ஒருத்தி உன்னை ஆசையாகத்தான் வாங்கினாள். கன்னத்தைக் கிள்ளி, முத்தம் கொடுத்தாள். பிறகு பக்கத்தில் நின்றவளிடம், "இவந்தான் கெணத்துல விழுந்தாரே, அவரு மகன். கண்ணப் பாரு, அப்படியே அப்பன உரிச்சு வச்சிருக்கு" என்றாள். என்னைப் பார்த்து, "பாத்து வளத்துக்கோ தாயி. இதெல்லாம் ரத்தத்துல வாரதும்பாக" என்றாள். அவள் மனதில் கெடுதல் இல்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். ஆனால் நாளைக்கு நீ தெருவில் கோலி விளையாடும்போதும் யாராவது இப்படித்தான் சொல்வார்கள், இரக்கப்பட்டோ கோபத்திலோ. அப்போது உனக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கக் கூடாது. மற்றவர்கள் வாயிலிருந்து கேட்பதற்கு முன்னால் என்னிடமிருந்து கேட்டுக்கொள்.

இன்று கிணற்றில் நம் முறை. உன் அப்பா கமலை ஓட்டுகிறார். இத்தனை மாதமும் கிணற்றில் நம் பங்குக்காரரான குருவையா அண்ணாச்சி கூடவே இருந்தார். இன்று அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏதோ பத்திர வேலை. விடியும் முன்பே தம் மாடுகளைக் கொண்டுவந்து நம் தொழுவத்தில் கட்டிவிட்டு, "தம்பி, இன்னைக்கு நீயே ஓட்டு. சாயங்காலம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே விழுந்த பிறகு உன் அப்பா அந்தக் கிணற்றில் தனியாக நிற்பது இதுவே முதல் நாள். நான் உன்னையும் கஞ்சிக் கலயத்தையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டேன். மரத்தடியில் உட்கார்ந்தால் கிணற்று மேட்டின் மறைப்பில் அவர் எனக்குத் தெரிய மாட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் காவல் காப்பதாக நினைப்பார். அதனால் சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். சத்தம் கேட்கிற வரை எழுதுவேன். நின்றால் எழுந்து எட்டிப் பார்ப்பேன்.

இந்தக் கிணறு நாலு குடும்பத்துக்குப் பொது. நாலு நாளைக்கு ஒரு நாள் நமக்கு. அந்த ஒரு நாளில் விடியலிலிருந்து இருட்டுகிற வரை இறைத்து, மிளகாய்க்கும் பருத்திக்கும் பாய்ச்சிக்கொள்ள வேண்டும். தவறினால் அடுத்த முறை வரை செடி வெயிலில் கிடக்கும். கமலையில் ஒரு ஜோடி மாடு சரிவில் இறங்கும்போது வடக்கயிறு சக்கரத்தில் இழுபட்டு, தண்ணீர் மொள்ளுகிற சால் மேலே வரும், தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாடு பின்னோக்கி ஏறும்போது சால் திரும்ப இறங்கும். ஓட்டுகிறவர் இறக்கத்தில் வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். எத்தனை சால் என்று பாட்டாகவே எண்ணுவார்கள். காட்டில் எங்கே நின்றாலும், பாட்டுக் குரலை வைத்து இன்று யார் முறை என்று சொல்லிவிடலாம். கல்யாணமான புதிதில் உன் அப்பாவின் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் குரலைத்தான் முதலில் தெரிந்துகொண்டேன். களை எடுத்துக்கொண்டே கேட்பேன். நடுவில் எண்ணிக்கையை விட்டுவிடுவார், பாட்டை விட மாட்டார். அவர் மச்சான் முறைக்காரர்கள் கேலி செய்வார்கள். "ஏலே, நாப்பதுக்கு அப்பொறம் அம்பதுக்குத் தாவிட்டியே, பத்து சாலு தண்ணிய யாரு குடிச்சா?" "ஒங்க வீட்டு எரும குடிச்சிருக்கும்" என்பார். நான் முந்தானையால் வாயை மூடிச் சிரித்திருக்கிறேன்.

நம் வலத்து மாட்டுக்கு மயிலை என்று பெயர். உன் அப்பா கன்றிலிருந்து வளர்த்தது. அதன் தாய் செத்துப்போனபோது துணியை நனைத்துப் பாலூட்டி வளர்த்தாராம். போன வருஷம் மழை பொய்த்தது. கிணற்றில் தண்ணீர் அடியில் போய்விட்டது. நாள் முழுக்க இறைத்தாலும் பாதிச் செடிக்குத்தான் பாயும். நீ அப்போது என் வயிற்றில் மூன்று மாதம். நம் முறை வந்த ஒரு நாள், மயிலை காலையில் தீவனத்தைத் தொடவில்லை. வாயில் எச்சில் ஒழுகிற்று. காதைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. தொழுவத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "ஏட்டி, இன்னைக்குப் பூட்ட வேண்டாமோ?" என்றார். என்னிடம் ஒரு விஷயத்தை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று என் மனதில் இருந்தது. மாட்டின் கண் அப்படிக் கிடந்தது. ஆனால் முந்தின நாள் மாலையில் நான்தான், "மொளகா வாடுது" என்று சொல்லியிருந்தேன். இப்போது மாற்றிச் சொன்னால் என்ன நினைப்பார் என்று வெட்கம். தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒங்க இஷ்டம்" என்றேன்.

பூட்டினார். வெயில் ஏறுகிற நேரம். பாட்டு திடீரென்று நின்றது. அதன் பிறகு சக்கரம் கடகடவென்று தலைகீழாய்ச் சுற்றுகிற சத்தம் கேட்டது. நிறைந்த சால் கிணற்றுக்குள் திரும்ப விழுந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சரிவின் அடியில் மயிலை மடிந்து கிடந்தது, நுகத்தடி அதன் கழுத்தில் குறுக்கே கிடந்தது. உன் அப்பா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அது எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை, துக்கம் இருக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். பிறகு பேச்சு குறைந்தது. தட்டில் சோற்றைப் பிசைவார், பிசைந்துகொண்டே இருப்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாலும் பிசைந்துகொண்டிருப்பார். காலையில் காட்டுக்கென்று கிளம்பி வாசல் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். படுத்தால் தூக்கமில்லை. தொழுவத்தில் மயிலையைக் கட்டுகிற முளைக்குச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மாட்டின் கழுத்துமணி கண்ணில் பட்டால்தானே நினைப்பு வருகிறது என்று, நான் மணியை எடுத்துத் தவிட்டுப் பானைக்குள் ஒளித்தேன். இரண்டு நாள் அவர் வீட்டைத் துழாவித் துழாவி அதைத் தேடினார். என்ன தேடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கே வைத்தாய் என்று அவரும் கேட்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஊமைகள்.

ஊரில் பேச்சு கிளம்பியது. "மாட்டுக்குப் போயி ஆம்பள இப்படி ஒடிஞ்சு ஒக்காருவானா?" என்றார்கள். "சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு" என்றும் சொன்னார்கள். இராஜபாளையத்தில் பஞ்சாலை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே போனால் எல்லாம் சரியாகும் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், "காய்ச்ச" என்று ஒரே வார்த்தையைச் சொன்னேன். காய்ச்சல் என்றால் யாரும் மேலே கேட்பதில்லை, வருவதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் உபதேசியாரிடமும் அதையே சொன்னேன். ஜெபத்தில் உன் அப்பாவின் காய்ச்சலுக்காக வேண்டினார்கள். இல்லாத நோய்க்காக ஊரே வேண்டிக்கொண்டது. இருந்த நோயை நான் முந்தானைக்குள் மூடி வைத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். மயிலை போன பிறகு இரவல் மாட்டைச் சேர்த்து எப்படியோ இறைத்துக்கொண்டிருந்த உன் அப்பா அதையும் நிறுத்திவிட, நம் முறை இரண்டு தடவை வீணாகிவிட்டது. குருவையா அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். கிணற்றில் அடுத்த பங்கு அவருடையது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். உன் அப்பாவைவிட ஆறேழு வயது மூத்தவர். வாயைத் திறந்தால் கேலிதான். "ஏம்மா, தம்பிக்கு இன்னும் காய்ச்ச விடலியா? ரெண்டு முறை போச்சே" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எங்க முறையையும் நீங்களே எறைச்சுக்கோங்க அண்ணாச்சி" என்றேன். அவர், "தம்பிகிட்டக் கேட்டியாம்மா?" என்றார். "ம்" என்றேன். கேட்கவில்லை. உன் அப்பா நிம்மதியாக ஓய்வெடுக்கட்டும், கிணற்றுப் பக்கமே போக வேண்டாம் என்று நினைத்தேன். மகனே, முறையை விட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்று நீ விவசாயம் செய்தால் உனக்கே தெரியும். ஆண் வாரிசு இல்லாத வீடும், ஊரைவிட்டுப் போகிற வீடும்தான் முறையை விட்டுக்கொடுக்கும். அடுத்த முறை நாளில் அண்ணாச்சியின் தெலுங்குப் பாட்டு நம் வீடு வரை கேட்டது. உன் அப்பா தலையைத் தூக்கினார். "இன்னைக்கு நம்ம நாள்லா?" என்றார். முறையைக் கொடுத்ததை நான் சொன்னேன். "முறையவும் கொடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் கழித்து, "சரி" என்றார். அந்த "சரி" இன்னும் என் காதில் இருக்கிறது. இவன் இனித் தேவையில்லை என்று வீட்டிலேயே முடிவாகிவிட்டது என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

சக்கரம் நின்றது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார். என்னைப் பார்த்துக் கையை அசைத்து, ஒன்றுமில்லை என்றார். மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்த "சரி"க்குப் பிறகு ஒன்பதாம் நாள். நான் நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். அன்று காலையில் அவர் குளித்தார். முகம் மழித்துக்கொண்டார். கஞ்சியை முழுதாகக் குடித்தார். "கஞ்சி நல்லாருக்கு" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தேறிவிட்டார் என்று நினைத்து, ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்து, மத்தியானத்துக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கப் புளியைக் கரைத்தேன். அவருடைய முகத்தில் அத்தனை நாள் இல்லாத அமைதி இருந்தது. அந்த அமைதியைப் பார்த்துப் பயப்பட எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நாள் வாடிக் கிடந்த ஒருவர் திடீரென்று அப்படித் தெளிந்தால், வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், என்ன நினைக்கிறாய் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். இதை நான் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டேன். உனக்கு இனாமாகவே சொல்லித் தருகிறேன்.

புளிக் கையோடு வாசலுக்கு வந்தபோது அவர் இல்லை. துண்டு மட்டும் கொடியில் மடித்துக் கிடந்தது. அவர் துண்டை மடிக்கிற ஆளே அல்ல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அன்று யார் முறையும் இல்லை, பண்டிகை நாள், கண்ணுக்கெட்டிய வரை ஆள் தெரியவில்லை. அவர் கிணற்று விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கூப்பிட வாய் வரவில்லை. "இங்க பாருங்க" என்று வீட்டுக்குள் கூப்பிடுகிற குரல்தான் என்னிடம் இருந்தது, அது அந்தத் தூரத்துக்குப் போகாது. பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம் என்று உனக்குத் தெரியும். நான் அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். முழுப் பேரையும் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் விழுந்தார். அதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

என் குரல் யாருக்கும் பழக்கமில்லாத குரல். அதனால்தான் வந்தேன் என்றார் குருவையா அண்ணாச்சி, பிறகு. தூரத்தில் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தவர், "இந்தக் காட்டுல கேக்காத சத்தமா இருக்கே" என்று அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கிணற்றுப் படியில் இறங்கி உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு வந்த நாலைந்து பேர் சால் வடத்தை உள்ளே இறக்கி, மேலே தூக்கினார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. மேலே கிடத்தியதும் உன் அப்பா என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை, "எம் பேரு ஒனக்குத் தெரியுமா?" என்பதுதான். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

கிராம முன்சீப் வந்து விசாரித்தார். வேண்டுமென்று விழுந்தால் அது குற்றம், ஜெயில் என்றார்கள். மற்றப் பங்குக்காரர்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாசி, அய்யா. கால் வழுக்கிருச்சு" என்றார் அண்ணாச்சி. மழை இல்லாத வருஷத்தில், காய்ந்த கல்லில் பாசி. முன்சீப் கல்லைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், "சரி, பாசி" என்று எழுதிக்கொண்டார். அன்று ஊர் சொன்ன பொய்க்கு நான் இன்னும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் உனக்கு அந்தப் பொய் வேண்டாம். அன்று கிணற்றில் பாசி இல்லை.

மூன்றாம் நாள் செட்டியார்பட்டியிலிருந்து உன் அத்தை வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். உன் அப்பாவுக்கு ஒரே அக்காள், தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர்கள். வந்ததும் தம்பியைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு என்னிடம் திரும்பினார்கள்.

"ஏட்டி, எத்தன நாளா இப்படி இருக்கான்?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? ஒரு ஆள் விட்டுச் சொல்லிருக்கக் கூடாதா? நீ வாய மூடிப் பாத்துக்கிட்டது போதும். நாளைக்கே வண்டியில ஏத்துதேன்."

எங்கே என்று கேட்டேன். இப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோய் விடுகிற இடம் ஒன்று உண்டாம். காலில் சங்கிலி போட்டுத் தூணில் கட்டி வைப்பார்களாம். இரண்டு மாதமோ மூன்று மாதமோ, பிடித்திருப்பது விட்டு ஓடும் வரை. அத்தை கெட்டவர்கள் அல்ல. வேறு வழி யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. முறிந்த காலை நீட்டிப் படுத்திருந்த உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சங்கிலிக்குக் காலை நீட்டிவிடுவார் போலத்தான் கிடந்தார்.

"அனுப்ப மாட்டேன் மதினி" என்றேன்.

"என்னது?"

"அவியள அனுப்ப மாட்டேன்."

"ஓகோ, பேச வருதோ ஒனக்கு! இன்னொரு மட்டம் அவன் கெணத்துக்குப் போனா என்னட்டி செய்வ?"

"சங்கிலி போட்டா, கெணறே தேவலன்னு நெனச்சிருவாக மதினி" என்றேன்.  வாசலில் நின்ற குருவையா அண்ணாச்சியின் மனைவி நாகம்மா அக்கா உள்ளே வந்து அத்தையின் கையைப் பிடித்தார்கள். "பிள்ள பொறக்கட்டும் தாயி. அதுவரைக்கும் நீங்களும் இங்கனயே இருங்க. பாப்போம்" என்றார்கள். அத்தை வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். நாலு மாதம் நம் வீட்டில் இருந்து, என்னைத் திட்டிக்கொண்டே உன் அப்பாவுக்கு ஊட்டினார்கள். "வாயத் தெற. ஒம் பொண்டாட்டி வச்ச கொழம்பு இல்ல, நான் வச்சது, தைரியமாத் தின்னு" என்பார்கள். அந்தத் திட்டு இல்லாமல் நான் பிழைத்திருக்க மாட்டேன்.

கால் கூடியதும் ஒரு காலை குருவையா அண்ணாச்சி வந்தார். இந்தத் தடவை நான் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. வெளியே வந்து, காய்ச்சல் இல்லை அண்ணாச்சி, நான் சொன்னது பொய், உங்கள் தம்பியைக் கேட்காமல்தான் முறையைக் கொடுத்தேன் என்றேன். "தெரியும்மா. தெரிஞ்சும் எறைச்சேன். எந் தப்பும்தான்" என்றார். பிறகு உன் அப்பாவிடம், "ஏமிரா தம்பி, ஒம் முறைய வச்சு மாரடிக்க என்னால ஏலாது. இன்னைக்கு ஒன் நாளு. மாடு எனது, ஓட்டுறது நானு. நீ வாய்க்கால் கரையில ஒக்காந்து மடைய மட்டும் திருப்பு. அதுக்கும் ஏலலன்னா ஒக்காந்து என்னத் திட்டு" என்றார். உன் அப்பா எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சியும் போகவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறிற்று. மாடுகள் வாசலில் பூட்டாமல் நின்றன. கடைசியில் உன் அப்பாதான், "மாட்ட வெயில்ல நிறுத்தாதீங்க அண்ணாச்சி" என்று எழுந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறைக்கும் அப்படித்தான். அண்ணாச்சி புத்தி சொன்னதை நான் கேட்டதே இல்லை. "ஏலே, நீ மட திருப்புற வேகத்துக்கு மொளகாச்செடியே நடந்து வந்து குடிச்சிட்டுப் போயிரும்லே" என்பார். பதில் வராவிட்டாலும் பேசிக்கொண்டே இருப்பார். மற்ற இரண்டு பங்குக்காரர்களும் தங்கள் முறை நாளில், ஒரு கை குறைகிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லி உன் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். நாலு நாளும் யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் இருந்தார். அப்படி இருக்க வேண்டும் என்று கூடிப் பேசி முடிவு செய்தார்களா, தானாக அமைந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு நாள் கஞ்சி கொண்டுபோனபோது மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். உன் அப்பா பேசிக்கொண்டிருந்தார். "நாலு நாள் பொறுத்திருக்கலாம் அண்ணாச்சி. காது சுட்டுச்சு. தெரிஞ்சுதான் பூட்டுனேன்."  பிறகு அண்ணாச்சி, "எம் மூத்த பிள்ள அம்மையில போனப்போ நான் பிளவக்கல் மலையடியில போயி அஞ்சு நாள் ஒக்காந்திருந்தேன், தெரியுமா? வைத்தியர ஒரு நாள் பிந்திக் கூப்பிட்டேன்னு. திரும்பி வந்தா, மாடு தேடிப் போனியான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஏண்டா போனன்னு கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லி அழுதிருப்பேன். இப்ப ஒங்கிட்டதான் சொல்லுறேன்" என்றார். பிறகு உன் அப்பா அழுகிற சத்தம் கேட்டது. நான் கஞ்சிக் கலயத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தவிட்டுப் பானையிலிருந்து மணியை எடுத்து, முளைக்குச்சியிலேயே கட்டினேன். அன்று சாயங்காலம் அதைத் தொட்டுப் பார்த்து, "நீதானா எடுத்த?" என்றார். பூட்ட வேண்டாம் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது, சொல்ல வெட்கப்பட்டேன் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.  "அப்போ ரெண்டு பேருந்தான்" என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. அது உண்மை அல்ல. நீ பிறந்து ஏழு மாதமாகியும் உன் அப்பா உன்னைத் தூக்கவில்லை. தொட்டிலை ஆட்டுவார். உன் காலைத் தொடுவார். தூக்கச் சொன்னால், "எங் கையில வேண்டாம்" என்பார். உன்மேல் பாசம் இல்லாமல் அல்ல, தன் கையை நம்பாமல்தான். இதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உனக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தள்ளிக்கொண்டே போவதும் அதனால்தான். அங்கே பிள்ளையைக் கையில் ஏந்தி அவர் நிற்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் நன்றாக இருப்பார், பிறகு ஒரு நாள் மறுபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். பாட்டு இன்னும் வரவில்லை.

நேற்று ஊருணியிலிருந்து அழுதுகொண்டு வந்தேன். பழைய நானாக இருந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு, கண்ணில் தூசி என்றிருப்பேன். ஒளித்து ஒளித்து எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தவள் அல்லவா நான்? அந்தப் பெண் சொன்னதை உன் அப்பாவிடம் அப்படியே சொன்னேன். சொல்லிவிட்டு, தவறு செய்துவிட்டோமோ என்று பயந்தேன். அவர் தொட்டிலைப் பார்த்தார். "ரத்தத்துல வருமாட்டி?" என்றார். "தெரியல" என்றேன். "வந்தா?" என்றார். "வந்தா, ஆருகிட்டயாவது சொல்லணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றேன். "அப்ப நீயே எழுதி வையி. ஒனக்குத்தான் எழுத வரும். பாசின்னு எழுதாத" என்றார். ஆகவே இது நான் மட்டும் எழுதுகிற கடிதம் அல்ல.

ராசா, இது உனக்கு வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. நீ மண்ணை நம்பிப் பிழைத்தால் மழை பொய்க்கிற வருஷம் உனக்கும் வரும், மாடு சாகும், பூச்சி விழும், அதெல்லாம் உன் கையால் வந்ததென்று ஒரு எண்ணம் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அப்போது காய்ச்சல் என்று சொல்லாதே. உன் பெண்டாட்டி கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவளிடம் சொல். அவளும் என்னைப் போல வாயில்லாதவளாக இருந்தால், கிணற்றில் உன் அடுத்த பங்குக்காரனிடம் சொல். உன் பக்கத்துக் காட்டில் பாட்டு நின்றுபோனால், நீ புல் அறுப்பதை விட்டுவிட்டுப் போய்க் கேள். என்ன சொல்வது என்று யோசிக்காதே. அண்ணாச்சி மாட்டை வெயிலில் நிறுத்தி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். எவனுக்கும் அவன் முறையை இல்லாமல் செய்துவிடாதே, அவன் மேல் உள்ள இரக்கத்தினால்கூட.

சக்கரம் நின்றுவிட்டது.

மறுபடி எழுத உட்காருவதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சக்கரம் நின்றதும் நான் எழுவதற்கு முன்பே குரல் கேட்டது. "ஏட்டி! ஏட்டி, இங்க வா!" அவ்வளவு சத்தமாக அவர் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன்னைத் தொட்டிலிலிருந்து வாரிக்கொண்டு ஓடினேன். இடத்து மாடு சரிவில் கால் தடுக்கி முழங்கால் போட்டிருக்கிறது. உடனே எழுந்துவிட்டது, ஒன்றுமில்லை. ஆனால் அவர் முகம் வெளுத்து, வடத்தைக் கையில் சுற்றிக்கொண்டு, கிணற்றைப் பார்க்காமல் என் பக்கம் பார்த்து நின்றார். "மாட்டுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ஒரு மாதிரி வருது. செத்த நேரம் பக்கத்துல இரு" என்றார்.

நான் மேட்டில் ஏறி நின்று, கத்தினேன். "நாகம்மா அக்கா! ஓ, நாகம்மா அக்கா! செத்த வாங்க!" மூன்று காட்டுக்கு அப்பால் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார்கள். வந்ததும், "இவ தொண்டைக்கு நாளைக்கு ஊருக்கே தண்டோரா போடலாம்" என்று சொல்லிக்கொண்டே வடத்தை வாங்கிக்கொண்டார்கள். உன் அப்பா வாய்க்கால் கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.   நீ அவர் தோள் துண்டைப் பிடித்து இழுத்தாய். விடவில்லை. அவர் உன் விரலைப் பிரிக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் கூடப் பிடிச்சுக்கோ" என்றார். நான் என் கையை அவர் கைக்குக் கீழே கொடுத்தேன். உன் பாரத்தில் பாதி அவர் கையிலும் பாதி என் கையிலுமாக, ஐந்தாறு சால் தண்ணீர் கொட்டுகிற நேரம் இருந்தாய்.

இப்போது அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் மறுபடி எழுந்து போய் வடத்தைப் பிடித்திருக்கிறார். இன்னும் இரண்டு பாத்தி பாக்கி. பாட்டு இல்லை, ஆனால் சக்கரம் சத்தம் போடுகிறது. நீ பசியில் அழுகிறாய். காகிதத்தை மடித்து வைக்கிறேன்.

உன் அம்மா